ஸ்கேன் அக்காவின் மூன்று மாமாக்கள்

"அசையாதீங்க. இப்பப் பெரிய மாமா வருவாரு. கொஞ்சம் சத்தம் ஜாஸ்தி, ஆனா நல்ல மனுஷன்."

இடுப்புவரை ஸ்கேன் இயந்திரத்துக்குள் மல்லாந்து கிடப்பவனின் காதில் இப்படி ஒரு குரல் வந்தால் முழங்கால் வலியே மறந்துவிடும். எனக்கு மறந்தது. அடுத்த நொடி இயந்திரம் தடதடவென்று இடித்தது. கடைக்கண்ணால் பார்த்தேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், அந்த இடிக்குச் சரியாக, இரண்டு பேனாக்களால் மேசையை வெளுத்துக்கொண்டிருந்தார் ஸ்கேன் அக்கா. மருத்துவமனையில் எல்லோருக்கும் அவர் அக்காதான். வயது ஐம்பத்திரண்டு.

வெளியே வந்ததும் யார் அந்த மாமா என்று கேட்டேன்.

"ராக் பாட்டுல டிரம்ஸ் வாசிச்சவங்க. இந்த மெஷின் இடிக்கிறது அப்படியே பெரிய மாமா அடி. மொத்தம் மூணு பேரு."

அக்காவுக்குப் பன்னிரண்டு வயதானபோது அவருடைய மூத்த சகோதரி எங்கிருந்தோ மூன்று கேசட் கொண்டுவந்தார். உறை கிடையாது, பெயர் கிடையாது. பாடியவர்களைப் பற்றி இவர் கவலைப்படவில்லை. பின்னால் உட்கார்ந்து அடித்த மூவரை மட்டும் காதால் பிரித்தெடுத்து உறவு கொண்டாடினார். பெரிய மாமா கோபக்காரர். பங்காளிச் சண்டையைத் தீர்ப்பதுபோல் டிரம்மை அடிப்பார். நடு மாமா கூரையே இடிந்து விழுந்தாலும் வேகம் மாறமாட்டார். சின்ன மாமா சோம்பேறி. விழவேண்டிய அடியைக் கையிலேயே வைத்திருந்து, போனால் போகிறது என்று கடைசியில் போடுவார்.

"அந்தக் கடைசி நொடியிலதாங்க எனக்கு உயிர் போய் உயிர் வரும்."

அறைக்குள் தலையணையை அடித்துத் துவைக்கும் சத்தம் கேட்டு, "யாருடி உள்ள?" என்பார் அம்மா. "மாமா" என்று பதில் வரும். கூடப்பிறந்த ஆண்பிள்ளையே இல்லாத அம்மா கரண்டியோடு ஓடிவருவார். பெண் பார்க்க வந்தவரிடமும் அக்கா மறைக்கவில்லை: "எனக்கு மூணு மாமா. கல்யாணத்துக்கு வரமாட்டாங்க." குடும்பத் தகராறு என்று நினைத்த அந்த நல்ல மனிதர், கல்யாணத்துக்குப் பிறகு ஒரு வருடம் சமாதானத்துக்கு வழி தேடினாராம்.

நாற்பது வருடம் தலையணையிலேயே கழிந்தது. இரண்டு மாதத்துக்கு முன்பு, மருத்துவமனை ஆண்டு விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது, ஊழியர் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் மருந்தகத்துக்காரர் படிக்கட்டில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். அக்காவிடம் எக்ஸ்ரே எடுக்க வந்த இடத்தில் கை வலியைவிட விழாவை நினைத்துத்தான் புலம்பினார்.

"நான் வாசிக்கிறேன்" என்றார் அக்கா.

"நீங்களா? இதுக்கு முன்னாடி எதுல வாசிச்சிருக்கீங்க?"

"தலகாணில."

வேறு ஆள் இல்லாததால் குச்சிகள் கை மாறின. உண்மையான டிரம்மில் முதல் அடி போட்டதும் அக்காவே மிரண்டு குச்சியை நழுவவிட்டார். தலையணை ஒருநாளும் இப்படி எதிர்த்துப் பேசியதில்லை. நான்கு நாளும் மதியச் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு அடித்துப் பழகினார். பாடுபவர் தலைமை மருத்துவர். பாட ஆரம்பித்தால் ஆம்புலன்ஸ் மாதிரி பறப்பார். மருந்தகத்துக்காரர் மூச்சிரைக்கப் பின்னால் ஓடுவது வழக்கம். ஒத்திகையில் அக்கா சொல்லிப் பார்த்தார்.

"சார், ரொம்ப வேகமாப் போறீங்க."

"நான்தாம்மா பாடுறேன். நீங்க பின்னாடியே வாங்க."

விழா மேடையில் இரண்டாவது சரணத்தில் மருத்துவர் பறந்தார். அக்கா வாசிப்பதை நிறுத்தினார். கிட்டார் வாசித்த ஆண் செவிலியரும் பயந்து நிறுத்திவிட்டார். நானூறு பேர் முன்னால் மருத்துவரின் குரல் மட்டும் ஒரு வரி அம்மணமாக ஓடி, தடுமாறி, நின்றது. அவர் திரும்பிப் பார்த்தார். அக்காவின் வலது கை உயரத்தில் அப்படியே நின்றது.

"வேலை போனாலும் போகட்டும்னு கையை இறக்கல. சின்ன மாமா எவ்வளவு நேரம் வெச்சிருப்பாரோ, அவ்வளவு நேரம்."

பிறகு அடி விழுந்தது. அங்கிருந்து பாட்டு அக்கா சொன்ன வேகத்தில்தான் போனது. கூட்டம் கூடவே கை தட்டியது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு மருத்துவர் கேட்டார்: "எங்கேம்மா கத்துக்கிட்டீங்க?"

"மாமாங்ககிட்ட, சார்."

"நல்ல குடும்பம்" என்றார் மருத்துவர்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது, கட்டுப் பிரித்த கையோடு மருந்தகத்துக்காரரே கதவருகில் வந்து நின்றார். "அக்கா, கை சரியாயிடுச்சு. அந்தக் குச்சிங்களக் குடுத்தீங்கன்னா..."

"அதுக்கென்ன, தாராளமா" என்று அக்கா இழுப்பறையைத் திறந்தார். இரண்டு குச்சிகளையும் எடுத்தார். ஒன்றை அவரிடம் நீட்டிவிட்டு, மற்றதை உள்ளே வைத்து மூடினார்.