எடைமேடையில் ஒரு சுமோ வழக்கு

வடக்கனந்தலில் மரவள்ளிக்கிழங்கு லாரிகளை எடை போடும் எடைமேடையில் எடை எழுதும் அண்ணன் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருப்பார். ஒடிசலான மனிதர், ஆனால் போனில் பார்ப்பது சுமோ மல்யுத்தம். எனக்கும் அது கல்லூரி விடுதியில் தொற்றிய பைத்தியம். வீட்டில் அதைப் பேச ஆளில்லை. அதனால் மலைமேல் கரியாலூருக்குப் போகும் என் பஸ் வரும்வரை அவரோடு வழக்காடுவேன்.

அன்று, என் ஒல்லி வீரனுக்குப் பதவி உயர்வு கிடைக்குமா என்று பேச்சு.

“அவனுக்கா? நம்ம கெழங்கு மூட்டையே அவன வுட ஜாஸ்தி தம்பி!”

“பத்து பேரத் தள்ளியிருக்காண்ணா.”

“இவன் எங்க தள்ளுனான்? அவனுங்களே வழுக்கினு வுழுந்தானுங்க.”

லாரி வந்தது. எழுந்து போனார். மேசையில் அவர் போன் திறந்தே கிடந்தது. காலையிலேயே உயர்வை அறிவித்துவிட்டார்கள். படத்தில் என் வீரன், வெற்றிக்கு அடையாளமாகப் பெரிய மீனைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தான். இதைப் பார்த்துவிட்டுத்தான் அரைமணி நேரமாக இல்லையென்று வாதாடியிருக்கிறார்.

திரும்பி வந்தவர் போனைக் கவிழ்த்து வைத்தார். “இன்னா தம்பி, பஸ்ஸு வந்துகினு கீது, கெளம்பறியா?”

“இந்த வாட்டி இல்லன்னாலும் அடுத்த வாட்டி கெடைக்கும்ணா” என்றேன்.

“அடுத்த வாட்டியா!” என்று சிரித்தபடி எனக்கொரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

பஸ் எங்களைக் கடந்து மலைக்குப் போனது.