சோதிலிங்கத்தாரின் டி வகுப்பு

தன்னிடம் இருப்பதைக் குறைத்துச் சொல்லும் தமிழ் ஆண்மகனை நியூசிலாந்தின் ஒக்லாந்தில் காண வேண்டுமென்றால், அதற்கு வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் வாய்க்கும். தமிழ் மோட்டார் கழகத்தின் ஓட்டப் போட்டிக்குக் கார்களை வகுக்கும் நாள் அது. வீட்டு விலையை ஏற்றிச் சொல்பவர், மகளின் மார்க்கை ஏற்றிச் சொல்பவர், தன் உத்தியோகத்தையே ஏற்றிச் சொல்பவர் என எல்லோரும் அன்று துறவிகளாகிவிடுவார்கள். "அண்ணை, இது சும்மா கடைக்குப் போற கார். ஒரு நட்டைக்கூட மாத்தேல்லை." அந்தக் கடைக்குப் போகிற கார் அவருக்குப் பின்னால் நின்று உறுமிக்கொண்டிருக்கும்.

காரணம் எளிது. ஏ, பி, சி, டி என்று நான்கு வகுப்புகள். எஞ்சினிலும் டயரிலும் சொந்தக்காரர் எவ்வளவுக்குக் கைவைத்திருக்கிறாரோ, அவ்வளவுக்குக் கார் மேலே, ஏ வகுப்பை நோக்கிப் போக வேண்டும். வாங்கினபடியே இருக்கும் அப்பாவிக் கார்கள் டி வகுப்பு. வேகமான காரை அப்பாவி என்று சாதித்து அங்கே நுழைத்துவிட்டால் கோப்பை கையில். ஆகவே நகரத்தின் பெருமைக்காரர்கள் அத்தனை பேரும் கடைசி வகுப்புக்கு முண்டியடித்தார்கள்.

இவர்களை வகுக்கும் பொறுப்பு சோதிலிங்கத்தாருடையது. எல்லர்ஸ்லியில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை. நொறுங்கிய காரையும் நொறுக்கியவரையும் எதிரே வைத்துக்கொண்டு, சொல்லும் கதையில் எவ்வளவு பொய் என்று தீர்மானிப்பார். அகதியாக வந்து, கிளீனிங் வேலை பார்த்துக்கொண்டே படித்து, அந்தக் கதிரையில் ஏறியவர். நாணயமானவர். அவரே அடிக்கடி சொல்வதால் இது எல்லோருக்கும் தெரியும். காரின் பானெட்டைத் திறந்து எஞ்சினைக் குனிந்து பார்ப்பது மட்டும் அவருக்குக் கௌரவக் குறைச்சல். "காரைப் பாத்து என்னத்தை அறியிறது? சொந்தக்காரனைக் கதைக்க விடு. அவனே சொல்லுவான்" என்பார்.

கதைக்க விடுவதற்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் பிறந்தநாள் விருந்துகள். பார்பிக்யூ அடுப்பைச் சுற்றி ஆண்கள் நிற்கும்போது மெல்லப் பக்கத்தில் போய் நிற்பார்.

"என்ன யசீகரன், உம்மட காரில ஒண்டும் செய்யேல்லையாமே? கைவசம் காசு இல்லையோ, பாவம்."

"ஆர் சொன்னது? ஜப்பானிலயிருந்து டர்போ எடுப்பிச்சனான் அண்ணை! சஸ்பென்ஷன் முழுக்கப் புதுசு!"

"அப்பிடியோ" என்பார் சோதிலிங்கத்தார். வகுக்கும் நாள் வந்ததும் யசீகரன் ஏ வகுப்பில் இருப்பார். அந்த டர்போ ஜப்பானைவிட்டு இன்னும் புறப்படவேயில்லை என்பது வேறு விஷயம். அதைச் சபையில் ஒப்புக்கொள்வதைவிட ஏ வகுப்பில் கடைசியாக வருவது மேல் என்று யசீகரன் வாயை மூடிக்கொள்வார்.

இப்படியாக, கார்களை வகுப்பதாக நினைத்துக்கொண்டு அவர் மனிதர்களின் வாய்களை வகுத்துக்கொண்டிருந்தார். செல்வரத்தினம் என்றொரு பல் வைத்தியர் இருந்தார். ஊரை வாய் திறக்கச் சொல்வாரே தவிரத் தான் திறக்கமாட்டார். பந்தயத்துக்கென்றே செய்த காரைக் கொண்டுவந்து வருடாவருடம் டி கோப்பையை எடுத்துப்போனார். மாறாக, சென்னையிலிருந்து வந்து ஒடாஹுஹுவில் மருந்தாளராக இருந்த ரஷ்மி, போன வருடம் ஒரு விருந்தில் தன் சின்ன ஸ்விஃப்டைப் பற்றி "எஞ்சின்ல கொஞ்சம் வேலை பண்ணிருக்கேன்" என்று சொல்லிவிட்டாள். அவள் மாற்றியிருந்தது சீட் கவரை. சோதிலிங்கத்தார் அவளைப் போட்டது பி வகுப்பில்.

"பானெட்டைத் திறந்து பாருங்க அங்கிள்!"

"பிள்ளை, நீர் சொன்னதைத்தானே நான் எழுதினனான்."

சோதிலிங்கத்தாரிடமும் ஒரு பழைய ஹொண்டா இருந்தது. உண்மையிலேயே ஒரு நட்டுக்கூட மாற்றப்படாதது. நியாயமாக டி வகுப்பு. பல் வைத்தியர் இருக்கும்வரை கோப்பை கிட்டவில்லை. இந்த வருடம் வைத்தியர் நல்ல சம்பளத்துக்கு அவுஸ்திரேலியா போய்விட்டார். மற்ற வேகக்காரர்களை விருந்து விருந்தாக மேலே ஏற்றியாயிற்று. வீட்டு அலுமாரியில் மனைவி கௌரியின் பீங்கான் அன்னங்களை ஓரத்துக்குத் தள்ளிக் கோப்பைக்கு இடமும் ஒதுக்கிவிட்டார்.

கடைசி விருந்து மவுண்ட் வெல்லிங்டனில், யசீகரன் வீட்டில். பார்பிக்யூ அடுப்பருகே இந்த முறை ரஷ்மி வந்து நின்றாள்.

"அங்கிள், உங்க கார் டி வகுப்புதானே?"

"ஓம் பிள்ளை."

"அதான், பார்த்தாலே தெரியுது. பரவாயில்ல, இந்த வயசுக்கு அது போதும். எங்கப்பாகூட அப்படித்தான் ஓட்டுவாரு, முட்டை வாங்கிட்டு வர்ற மாதிரி."

ஆண்கள் சிரித்தார்கள். யசீகரன் தேவைக்கு மேல் சிரித்தார். முற்றத்தின் மறுபக்கம் சோறு பரிமாறிக்கொண்டிருந்த கௌரிக்குக் கணவரின் காது சிவப்பது தெரிந்தது. "இஞ்சாருங்கோ, சாப்பிட வாங்கோ!" என்று கூப்பிட்டுப் பார்த்தார்.

"வெளியால பாத்து ஏமாறாதையும் பிள்ளை" என்றார் சோதிலிங்கத்தார். "எஞ்சின் கொம்பியூட்டரை மாத்தி எழுதுவிச்சிருக்கு. காம்ஷாஃப்ட் வேற. பாரம் குறைக்க உள்ளுக்க எல்லாம் கழட்டினது. மோட்டர்வேயில நான் மிதிச்சா உங்கட ஆக்கள் ஒருத்தரும் கிட்ட வரேலாது!"

அடுப்பில் சொசேஜ் கருகிற்று. திருப்ப ஆளில்லை.

"அப்படியா" என்றாள் ரஷ்மி.

வகுக்கும் நாளில் எல்லோரையும் வகுத்து முடித்தபின் யசீகரன் மிகுந்த பணிவோடு கேட்டார்: "அண்ணை, உங்கட கார்?"

கூட்டம் காத்திருந்தது. பானெட்டைத் திறந்தால் போதும். உள்ளே, தொழிற்சாலை வைத்தபடியே, தூசியோடு உண்மை இருந்தது. கௌரி பக்கத்தில் வந்து காதோடு சொன்னார்: "அண்டைக்குப் பொய்தான் சொன்னனெண்டு சொல்லுங்கோவன். உங்களுக்குக் கப் வேணாமோ?"

பொய்களைப் பிடித்தே பிழைத்த மனிதர் தன் காரை ஒரு தரம் பார்த்தார். கூட்டத்தை ஒரு தரம் பார்த்தார்.

"ஏ" என்றார்.

அன்று மாலையே கௌரி ஒன்றும் கேட்காமல் அன்னங்களைப் பழைய இடத்தில் வைத்தார்.

ஓட்ட நாளில் ஏ வகுப்புக் கார்கள் அந்த ஹொண்டாவை இடமும் வலமுமாகத் தாண்டிப் போயின. இல்லாத டர்போவோடு யசீகரன்கூடத் தாண்டினார். தாண்டும்போது கை காட்டினார். சோதிலிங்கத்தார் நிமிர்ந்து உட்கார்ந்தபடி, முட்டை உடையாத வேகத்தில் கடைசியாக வந்து சேர்ந்தார். இந்த வருடம் தன் காரைப் பற்றி வாயைத் திறக்காததால் டி வகுப்பில் ஓடிய ரஷ்மி முதலாவதாக வந்திருந்தாள்.

வகுப்பவர்தான் கோப்பை கொடுக்க வேண்டும் என்பது கழக வழக்கம். கொடுத்தார். கொடுத்த கையை உடனே எடுக்கவில்லை.

"வாழ்த்துகள் பிள்ளை" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. "ஆனா டி வகுப்பில வெல்லுறது பெரிய காரியமில்லை. எங்களோட ஏ வகுப்பில ஒருக்கா ஓடிப் பாரும், அப்பத் தெரியும்."