கரமனை தாண்டி, ஒரு பிலிம் சுருளைக் கழுவ

திருவனந்தபுரம் என்றதும் கோயிலையும் கோவளத்தையும் எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். இந்த முறை நான் போனது ஒரே ஒரு பிலிம் சுருளைக் கழுவ.

சுருள் என் அக்கா விஜயாவுடையது. நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் தாவரவியல் ஆசிரியை. விடுமுறை கிடைத்தால் கீரிப்பாறைக்கு மேலே காட்டுக்குப் போய்விடுவாள். இந்த வலைப்பதிவில் வந்த மலைப் படங்களில் பாதி அவள் எடுத்தவை. போன வருட மழையில் அங்கே காட்டுக் காசித்தும்பை ஒன்றை நீல நிறத்தில் பார்த்ததாகச் சொன்னாள். அந்த வகை இளஞ்சிவப்பில் மட்டுமே பூக்கும் என்பது ஓய்வு பெற்ற அவளுடைய பேராசிரியரின் கட்சி. "டீச்சருக்குக் கண்ணாடி மாத்தணும்" என்று நாலு பேர் முன்னால் சிரித்திருக்கிறார். "படம் வரட்டும், பேசிக்கிடுவோம்" என்று சொல்லிவிட்டு வந்தாள். படம் வருவதற்குள் அவளுக்கு நோய் வந்தது. மாசியில் போய்விட்டாள். காமிராவை யாரும் தொடவில்லை. ஆனியில் நான் திறந்தபோது சுருள் முழுதும் எடுத்துச் சுற்றி முடித்து உள்ளேயே இருந்தது.

அது ஸ்லைடு பிலிம். அதைத் தயாரித்த கம்பெனியின் லேபில் மட்டும்தான் கழுவ முடியும். தெற்கே இருந்த ஒரே லேப் திருவனந்தபுரத்தில். போனில் யாரும் எடுக்கவில்லை. நேரே கிளம்பிவிட்டேன்.

நாகர்கோவிலில் காலை ஆறரைக்குப் பாசஞ்சர். டிக்கெட் பதினான்கு ரூபாய், எழுபது கிலோமீட்டர் சொச்சம், இரண்டு மணி நேரம் என்பார்கள். எனக்கு இரண்டரை ஆனது. திருவனந்தபுரத்தில் தம்பானூர் ஸ்டேஷனில் இறங்கிக் கிழக்கேகோட்டைக்கு நடந்தால் கால் மணி நேரம். அங்கிருந்து கரமனை வழியாக நிறைய பஸ் உண்டு. மழை கொட்டியதால் ஆட்டோ பிடித்தேன். முப்பது ரூபாய்.

இடத்தைச் சொன்னதும் டிரைவர் திரும்பிப் பார்த்து, மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்.

"பழைய பிலிம் கம்பெனியா சாரே? இப்ப அங்க போட்டோ ஒண்ணும் இல்ல கேட்டோ. பைப்பு, வெல்டிங்கு, அந்த மாதிரி ஏதோவாக்கும்."

நான் நம்பவில்லை. ஆனால் கரமனை ஆற்றுப் பாலம் தாண்டி அந்தக் கட்டடத்தின் முன்னால் இறங்கியபோது, முகப்பில் எப்போதும் இருக்கும் சிரிக்கும் குழந்தையின் பெரிய படத்தைக் காணவில்லை. அதே சுவரில் கொதிகலன் குழாய் ஒன்றின் படம். வாசலில் லாரியில் ரசாயன டிரம்கள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பெயர்ப் பலகையில் கம்பெனியின் பெயர் மட்டும் மாறவில்லை. கீழே புதிதாக ஒரு வரி: தொழில்துறைச் சோதனைப் பொருட்கள்.

லேப் பொறுப்பாளர் லதா. ஸ்ரீவராகம் அக்ரகாரத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். அக்காவின் பெயரைச் சொன்னதும் எழுந்துவிட்டார்.

"விஜயா டீச்சரோட தம்பியா? போன்ல எத்தனை வருஷம் பேசியிருக்கோம். அவாளுக்கு என்ன?"

சொன்னேன்.  அவர் சுருளை வாங்கி, பிலிமின் பெயரைப் படித்துவிட்டு மேஜைமேல் வைத்தார்.

"இந்த பிலிம்ல கலர் உள்ளயே கிடையாது. கழுவும்போது நாங்கதான் ஒவ்வொண்ணா சேக்கணும். அந்த மருந்து செய்யறதையே கம்பெனில சித்திரையோட நிறுத்திட்டா. வேற எங்கயும் கிடைக்காது."

"ஒரு நோட்டீஸ் கூட அனுப்பலையே?"

"டீலருக்கெல்லாம் அனுப்பினா. டீச்சர் மாதிரி நேரா அனுப்பறவா எங்க கணக்குலயே இல்ல."

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அதே பழைய இருட்டறை. இப்போது அங்கே கழுவுவது வெல்டிங் இணைப்புகளின் எக்ஸ்ரே பிலிம். ஒளிப் பெட்டியில் நாலைந்து மாட்டியிருந்தார்கள். வெளியே தெரியாத விரிசலைக் காட்டிக்கொடுக்குமாம். தொழிற்சாலைகள் வரிசையில் நின்று வாங்குகின்றனவாம்.  நாற்பது வருடம் ஊரார் கல்யாணத்தையும் காதுகுத்தையும் காட்டிச் சம்பாதித்த கம்பெனி! அதைச் சொல்லியும் விட்டேன்.

"கோபம் நியாயம்தான்," என்றார் லதா. "ஆனா இதுக்கு மாறலேன்னா பூட்டியிருப்பா. இங்க உள்ள அத்தனை பேரும் தெருவுலதான், நான் உட்பட."

அவர் சொன்னது சரிதான். அது கோபத்தை இன்னும் கூட்டியது.

பிறகு அவரே ஒரு வழி சொன்னார். எக்ஸ்ரே பிலிமின் மருந்திலேயே இதைக் கழுவலாம். கறுப்பு வெள்ளையாக உருவம் வரும். அப்புறம் எந்த மருந்தாலும் நிறத்தைக் கொண்டுவர முடியாது. கழுவாமல் வைத்தால் நிறத்துக்கான பதிவு உள்ளே இருக்கும், ஆனால் எடுக்க ஆளில்லை. நாளாவட்டத்தில் உருவமும் மங்கிவிடும்.

"உங்காத்துல கேட்டுண்டு சொல்லுங்கோ. நான் காத்திருக்கேன்."

எதிரே டீக்கடை ஓரத்தில் நின்று அம்மாவுக்குப் போன் போட்டேன். மழைச் சத்தத்தில் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

"அவ அதுல இருக்காளா மக்கா?"

"கூடப் போன ஃபாரஸ்ட் வாட்சர் அவளை வச்சும் ரெண்டு மூணு எடுத்தாராம். அக்கா சொல்லியிருக்கா."

"மொகம் தெரியுமா?"

"தெரியும்மா. ஆனா பூ நீலமான்னு அப்புறம் யாராலயும் சொல்ல முடியாது. அதுக்குத்தானே அவ..."

"பூ கெடக்கட்டும். எனக்கு எம் பிள்ளையப் பாக்கணும்."

அக்காவிடம் கேட்டிருந்தால் வேறு பதில்தான் வந்திருக்கும். அது எனக்குத் தெரியும். உள்ளே போய்க் கழுவச் சொன்னேன்.

மதியத்துக்கு மேல் லதா ஈர பிலிமை ஒளிப் பெட்டியில் விரித்தார். பூ, பூ, பாறை, மறுபடி பூ. இலையின் நரம்பு வரைக்கும் துல்லியம். எல்லாம் சாம்பல். கடைசியில் பாறை இடுக்கில் பூக்களுக்கு நடுவே குந்தியிருக்கும் அக்கா, தலைமுடியில் மழைத்துளி, ஏதோ ஜெயித்த சிரிப்பு. லதா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பணம் வாங்க மறுத்துவிட்டார். நான் நன்றி சொன்னேனா என்று நினைவில்லை.

அந்தப் படத்தைப் பெரிதாக்கி அம்மா கூடத்தில் மாட்டியிருக்கிறாள். பூக்களை மட்டும் அச்சிட்டுப் பேராசிரியரிடம் எடுத்துப்போனேன். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி நிதானமாகப் பார்த்தார். "நல்ல படம் தம்பி. இளஞ்சிவப்புதான், சந்தேகமே இல்ல," என்று திருப்பிக் கொடுத்தார்.

உங்கள் வீட்டில் கழுவாத ஸ்லைடு சுருள் இருந்தால் முதலில் அது எந்தக் கம்பெனி என்று பாருங்கள். சென்னையில் மற்ற வகைகளை இன்னும் கழுவுகிறார்கள். இந்த வகைக்காகத் திருவனந்தபுரம் போகாதீர்கள். வேறு வேலையாகப் போனால் காலைப் பாசஞ்சர் நல்லது, ஆடி வரைக்கும் குடை கட்டாயம்.

கீரிப்பாறைக்கு மேலே போக வனத்துறை அனுமதி வேண்டும். பாறை இடுக்குகளில் காசித்தும்பை ஆவணிக்குள் பூத்துவிடும். நீலமாக ஒன்றைக் கண்டால் டிஜிட்டல் காமிராவில் எடுத்து இங்கே பின்னூட்டத்தில் போடுங்கள். கண்டவர் பெயராக விஜயா என்று எழுதுங்கள்.