கடைசி ஆளுக்குப் பின்னால்

எங்கள் மலை நடைக் குழுவில் அப்போதெல்லாம் யாரும் தலைகளை எண்ணுவதில்லை. முன்னால் வழி தெரிந்த ஒருவர் போவார். எல்லோருக்கும் பின்னால், ஆரஞ்சு நிறத்தில் கையில்லாத மேல்சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு ஒருவர் வருவார். அவர்தான் கடைசி ஆள். பாதை பிரியும் இடங்களில் முன்னால் போனவர்கள் நின்று காத்திருப்பார்கள். மரங்களுக்கு நடுவே அந்த ஆரஞ்சு நிறம் தெரிந்ததும் கிளம்பிவிடுவார்கள். சட்டை வந்துவிட்டால் எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று பொருள். அதனால் கடைசி ஆளுக்கு ஒரே ஒரு விதிதான்: அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. ஒருவர் காலணிக் கயிறு கட்ட நின்றாலும் கடைசி ஆளும் நிற்க வேண்டும்.

அந்தச் சட்டையை நான் ஐந்து ஆண்டுகள் போட்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, எனக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார் என்று தெரிந்தும் அதைப் போட்டுக்கொண்டு நடந்து போனேன். பிறகு பொய்யும் சொன்னேன்.

நான் ஜார்ஜ் டவுனில் புவியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவி இறந்த பிறகு வீட்டில் இருக்கப் பிடிக்காமல் இந்தக் குழுவில் சேர்ந்தேன். குழுவுக்கு அலுவலகம் கிடையாது, சம்பளம் வாங்கும் ஆள் கிடையாது. ஒரு வாட்ஸ்அப் குழு, வார நாளில் வேலைக்குப் போய்விட்டு ஞாயிறன்று பிறரை மலைக்குக் கூட்டிப்போகும் சிலர், அவ்வளவுதான். சீனர், மலாய்க்காரர், தமிழர் நாங்கள் என்று இருபது பேர் வரை வருவோம். தலைவியாக இருந்தவர் ஒரு கிளினிக்கில் தாதியாக வேலை செய்யும் தமிழ்ப் பெண். என் மகள் வயது. வரைபடம் பார்க்கத் தெரிந்தவன், நிதானமானவன் என்று நம்பி அவர்தான் என்னிடம் அந்தச் சட்டையைக் கொடுத்தார்.

நான் விட்டுவிட்டு வந்த மனிதர் சுங்கை பாக்காப்பிலிருந்து வருவார். முப்பது ஆண்டுகள் தொழிற்சாலை பஸ் ஓட்டியவர். என்னைவிட நான்கைந்து வயது இளையவர். ஞாயிறு விடியும்போதே மோட்டார் சைக்கிளில் பட்டர்வொர்த் வந்து, பெர்ரியில் கடலைத் தாண்டி, நடை தொடங்கும் ஆயர் ஈத்தாம் அணைக்கட்டடிக்கு எங்களுக்கு முன்னால் வந்து நிற்பார். கையில் ஒரு பை அவித்த கடலை இருக்கும். மலை மேல் ஒரு தேநீர்க் கொட்டகை உண்டு. சில சீனப் பெரியவர்கள் தண்ணீரையும் சீனியையும் தோளில் சுமந்து ஏற்றி, வருகிறவர்களுக்கெல்லாம் சும்மா தேநீர் ஊற்றித் தருவார்கள். அவர் தலை தெரிந்தாலே அவர்கள் "கச்சாங் வந்தாச்சு!" என்று கத்துவார்கள். அவர்களுக்கு அவர் பெயரே கடலைதான்.

அவர் மெதுவாக நடப்பார், நிறையப் பேசுவார். அதனால் எப்போதும் எனக்கு முன்னால், கடைசிக்கு முந்திய ஆளாக அவர்தான் இருப்பார்.

"பாருங்க சார், காலேஜ் படிச்சிட்டு, பென்சனும் வாங்கிட்டு, கடைசில ஒரு பஸ் டிரைவருக்குப் பின்னால வர்றீங்க."

"பஸ் கொஞ்சம் வேகமாப் போனா நல்லா இருக்கும்."

"முப்பது வருசம் வேகமாப் போயாச்சு சார். பேக்டரில ஷிப்டு ஆரம்பிக்கிறதுக்குள்ள பொண்ணுங்கள இறக்கணும். இப்ப ரிலேக் லா."

நான் சிரிப்பேன். ஆனால் உள்ளுக்குள் எரிச்சல் இருந்தது. அவரோடு சேர்ந்து தாமதமாகப் போய்ச் சேரும்போது, எனக்குத்தான் முடியவில்லை என்று மற்றவர்கள் நினைப்பார்களோ என்ற எண்ணம். எழுபது வயதில் எனக்கு இருந்த பெருமையெல்லாம் என் கால்கள்தான். இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அவர் பஸ் டிரைவராக இல்லாமல் ஒரு டாக்டராக இருந்திருந்தால், அந்த மெதுநடையை நான் வேறு மாதிரிப் பொறுத்திருப்பேன்.

அந்த ஞாயிறு காலையிலேயே வானம் கறுத்திருந்தது. பாதை பிரியும் இரண்டாவது இடத்தில் எங்களுக்காகக் காத்திருந்த தலைவி கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, "என்னா சார், இன்னிக்கி லேட்டு. வயசாயிடுச்சா?" என்றார். விளையாட்டாகத்தான். எல்லோரும் சிரித்தார்கள். கடலைக்காரரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

தேநீர்க் கொட்டகைக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவர் நின்றார். முகம் வியர்த்திருந்தது.

"சார், வயிறு சரியில்ல. நீங்க போங்க."

"நான் நிக்கிறேன். நீங்க போயிட்டு வாங்க."

"ஐயோ, நீங்க நின்னா எனக்கு எப்டி சார் வரும்? வாத்தியார் வாசல்ல நிக்கிற மாதிரி. போங்க சார், இதோ வந்துடறேன்."

நான் கொஞ்ச தூரம் தள்ளிப்போய், அவர் கண்ணுக்குப் படாமல் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கலாம். அதைத்தான் செய்ய வேண்டும், எல்லோருக்கும் அதைத்தான் செய்திருக்கிறேன். அன்று செய்யவில்லை. அவர் கைத்தடியைச் செடிகளுக்கு நடுவே ஊன்றிக்கொண்டு பாதையின் சரிவுப் பக்கம் இறங்குவதைப் பார்த்தேன். திரும்பி நடந்தேன். முன்னால் யாரும் இல்லாத பாதையில் என் வேகத்தில் நடப்பது எவ்வளவு சுகமாக இருந்தது என்பதும் நினைவிருக்கிறது.

கொட்டகையில் மற்றவர்கள் குடித்து முடித்துக் குவளைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். தலைவி என் சட்டையைப் பார்த்தார். "சட்டை வந்தாச்சு. மழை வருது, கிளம்பலாம்."

யாரோ என் கையில் ஒரு குவளையைக் கொடுத்தார்கள். சூடாக இருந்தது. 'ஒருவர் பின்னால் இருக்கிறார்' என்று சொல்வதற்கு அந்த ஒரு கணம் போதும். சொன்னால், எப்படி அவரைத் தாண்டி வந்தீர்கள் என்ற கேள்வி வரும். அவருக்கு வழி தெரியும், வந்து தேநீர் குடித்துவிட்டு எங்கள் பின்னால் இறங்குவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடலை இல்லாததைக் கவனித்து, அவர் எங்கே என்று கொட்டகைப் பெரியவர்களில் ஒருவர் மலாயில் கேட்டார். "வருவார்" என்றேன். எங்கள் ஆட்கள் அதற்குள் இறங்கத் தொடங்கியிருந்தார்கள்.

இறங்குவது வேறு பாதை. வந்து சேருவது அதே அணைக்கட்டடி. பாதியிலேயே மழை பிடித்துக்கொண்டது. கீழே வந்தபோது அவருடைய மோட்டார் சைக்கிள் மரத்தடியில் நனைந்துகொண்டிருந்தது. தலைக்கவசம் கண்ணாடியில் மாட்டியிருந்தது. தலைவி அதைப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"அண்ணன் எங்க சார்?"

"அவர் பாதியிலேயே திரும்பிட்டார். வயிறு சரியில்லன்னார்."

"வந்த வழியிலயா?"

வந்த வழியில் திரும்பியிருந்தால் எப்போதோ கீழே வந்திருப்பார். அந்தக் கணக்கு எனக்கு உடனே புரிந்தது. "இல்ல, டுரியான் தோட்டத்து வழியா இறங்கறேன்னு சொன்னார்" என்றேன்.

யோசிக்காமல் வந்த சொல் அது. ஆனால் அந்தச் சொல்லை நம்பி ஏழெட்டுப் பேர் கொட்டும் மழையில் டுரியான் தோட்டத்துப் பாதையில் ஏறினார்கள். நானும் போனேன். அவர் அங்கே இல்லை என்பது எனக்கு மட்டும் தெரியும். இருந்தும் மற்றவர்களோடு சேர்ந்து, கையை வாயில் குவித்து அவரைக் கூப்பிட்டேன். அவருடைய கைப்பேசி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. இரண்டு மணி நேரத்துக்குப் பிறகுதான், "கொட்டகைப் பக்கமும் ஒரு தடவை பாத்துடலாம்" என்றேன். ஏதோ புத்திசாலித்தனமான யோசனை போல.

நான் விட்ட இடத்திலிருந்து பத்தடி கீழே, ஓடைப் பள்ளத்தில் கிடந்தார். சரிவில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்திருந்தது. கைப்பேசி பையோடு மேலேயே செடியில் மாட்டிக் கிடந்தது. உதடு நீலமாகி, பல் கிட்டிப் போயிருந்தது. தீயணைப்புப் படையின் பொம்பாக்காரர்கள் வந்து தூக்குப்படுக்கையில் கட்டி இறக்கும்போது, அவர் கண் என்னைத் தேடிக் கண்டுபிடித்தது.

மறுநாள், பார்வையாளர் நேரம் தொடங்கிய உடனே, வேறு யாரும் வருவதற்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்கறையால் அல்ல. ஆரஞ்சுப் பழங்களை மேசையில் வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னேன்: "நீங்க தோட்டத்து வழியாத் திரும்பறதாச் சொன்னீங்கன்னு அவங்ககிட்ட சொல்லியிருக்கேன்."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நா அப்டிச் சொல்லலியே சார்."

"தெரியும்."

"சரி சார்" என்றார். "சொல்லிடறேன். உங்களுக்கும் ஒரு பேரு இருக்குல்ல." பிறகு, "ரொம்பக் குளிரு சார் அங்க" என்றார்.

அவர் சொன்னபடியே தலைவியிடம் சொன்னார். திரும்பிப் போக நினைத்தேன், பிறகு மனம் மாறி மேலே ஏறினேன், விழுந்தேன் என்று எப்படியோ பொருத்திச் சொல்லியிருக்கிறார். அடுத்த வாரம் வாட்ஸ்அப் குழுவில் ஓர் அறிவிப்பு வந்தது: தலைவரிடம் சொல்லாமல் குழுவைப் பிரிகிறவர்கள் இனி நடைக்கு அழைக்கப்பட மாட்டார்கள். பெயர் இல்லை. யாரைப் பற்றி என்று தெரியாதவரும் இல்லை. அன்று மாலை அவர் குழுவிலிருந்து வெளியேறிவிட்டதாக ஒரு வரி திரையில் வந்தது. யாரும் எதுவும் எழுதவில்லை. நானும் எழுதவில்லை.

கொட்டகைப் பெரியவர்கள் நெடுநாள் "கச்சாங் எங்கே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு நிறுத்திவிட்டார்கள். நான் இரண்டு ஆண்டுகள் அந்தச் சட்டையை மேலும் போட்டிருந்தேன்.

போன மாதம் புதிதாக ஆறு பேர் சேர்ந்தார்கள். அணைக்கட்டடியில் வைத்துத் தலைவி அவர்களுக்கு விதிகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். "முன்ன ஒரு அண்ணன் இருந்தாரு. சொல்லாம கொள்ளாம திரும்பிப் போயி, இடுப்ப ஒடச்சிக்கிட்டாரு. நல்ல மனுசன்தான், ஆனா பாருங்க..." என்று சொல்லிவிட்டு என்னைக் காட்டினார். "கடைசி ஆளோட வேல என்னான்னு சார் சொல்லுவாரு."

வாயைத் திறந்தேன். விதி வரவில்லை. "அவர் திரும்பிப் போகல. நான்தான் அவரைத் தாண்டிப் போனேன்" என்றேன். அப்படியே முழுவதையும் சொன்னேன். புதியவர்கள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார்கள்.

தலைவி என் சட்டையைப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "அன்னிக்கி நாங்க எந்தப் பக்கம் போயித் தேடுனோம், ஞாபகம் இருக்கா சார்?"

"இருக்கு."

"நீங்களும் எங்ககூட நின்னு கூப்டீங்க."

நான் சட்டையைக் கழற்றி நீட்டினேன். அவர் வாங்கினார். அன்று கிளம்புவதற்கு முன் அவர் விரலை நீட்டி ஒவ்வொருவராக எண்ணினார். அந்த எண்ணிக்கையில் நான் இல்லை.

ஆயர் ஈத்தாமிலிருந்து பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது எனக்கு நெஞ்சு லேசாக இருந்தது. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், அது நன்றாகவே இருந்தது.

நான்கு நாள் கழித்துப் பெர்ரி ஏறி, பட்டர்வொர்த்தில் பஸ் பிடித்துச் சுங்கை பாக்காப் போனேன். அவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். கதவைத் திறந்த மகள் என்னைப் பார்த்ததும், "வாத்தியார் வந்திருக்காரு" என்று உள்ளே சொல்லிவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நான்கு கால் வைத்த ஊன்றுகோல்.

"தலைவி போன் பண்ணிச்சு சார். அழுவுது. மன்னிப்புக் கேக்குது. திரும்ப வாங்கண்ணேங்குது. எங்க வர்றது?" இடுப்பைத் தட்டிக் காட்டினார்.

"நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன்" என்றேன்.

"ஆமா. சொல்லிட்டீங்க." குரலில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. "என்னை ஒரு வார்த்த கேட்டீங்களா சார்?"

எனக்குப் புரியவில்லை.

"எம் மக கேக்குறா. அந்த ஆளு விட்டுட்டுப் போனதுமில்லாம, அவருக்காக எங்ககிட்டயே பொய் சொன்னியாப்பான்னு. ரெண்டு வருசமா என்னத் தூக்கிக் கழுவுனது அவதான் சார். நா என் தப்புன்னு சொன்னத நம்பி, திட்டிக்கிட்டே செஞ்சா. இப்ப எங்கிட்ட பேசமாட்டேங்குறா. குழுவுல உள்ளவங்க எல்லாம் என்னா நெனப்பாங்க? வாத்தியாருக்குப் பயந்து பொய் சொன்ன டிரைவருன்னுதானே?"

"நான் அதை யோசிக்கல."

"இல்ல லா சார். நீங்க யோசிக்கல."

கொண்டுபோயிருந்த மன்னிப்பை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம், தேவைக்கு மேல் உரக்கக் கேட்டது. கேட்டேன், மன்னித்துவிடுங்கள் என்று. அவர் கையை அசைத்தார், ஈயை ஓட்டுவது போல. நான் எழுந்ததும் அவரும் எழுந்தார். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. வாசல் வரை ஊன்றுகோலை ஒவ்வொரு முறையும் தூக்கி வைத்து நடந்தார். நான் அவருக்குப் பின்னால், அவர் அடிக்கு ஓர் அடியாக வந்தேன்.

இரும்பு கேட்டுக்கு அருகே அவர் நின்று, மூச்சு வாங்கி, எனக்கு வழி விட்டார்.

"போங்க சார்."

நான் நின்றேன். அவர் உள்ளே போய் உட்காரும்வரை நிற்கலாம் என்று நினைத்தேன்.

"போங்க சார், கேட்டு சாத்தணும்" என்றார்.

வெளியே வந்தேன். கேட்டு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு சிமென்டுத் தரையில் அந்த ஊன்றுகோல் மெதுவாகத் திரும்பிப் போகும் சத்தம். அது நிற்கும்வரை ரோட்டில் நின்றுவிட்டு, பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.