வெயில் ஃபிலிம் ஒட்டிய ஜன்னல்

2002 மார்ச் 17, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம். மேகம் இல்லை, காற்று இல்லை. திருவனந்தபுரத்து வெயில் நம் ஊர் வெயிலைப் போலக் காய்வதில்லை; ஈரத்துணி போல உடம்பில் ஒட்டிக்கொள்ளும். சங்கரன்கோவிலை விட்டு வந்து முப்பத்து நான்கு வருடமாகியும் எனக்கு அது பழகவில்லை. அந்த நேரத்தில் நான் ஸ்டூல் மேல் நின்று, மூன்றாம் மாடியில் இருக்கும் எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கு சன் ஃபிலிம் ஒட்டிக்கொண்டிருந்தேன். அறுபத்தெட்டு வயதில் செய்கிற வேலையா என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவி செல்லம்மாவும் அதையேதான் கேட்டாள்.

அவளுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து இருபது நாள். மேற்கு வெயில் அந்த ஜன்னலில் விழுந்தால் கண்ணில் நீர் கொட்டியது. திரை போட அவள் சம்மதிக்கவில்லை. துணி அசைந்தால் காக்கை வராது என்றாள்.

அந்தக் காக்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஒரே மகன் குமார் இரண்டு வருடம் முன்பு பைக் விபத்தில் போய்விட்டான். இருபத்தாறு வயது. அன்றிலிருந்து தினமும் மதியம் செல்லம்மா ஜன்னலின் வெளிவிளிம்பில் ஒரு கைப்பிடிச் சோறு வைப்பாள். பிறகு கண்ணாடியைத் தள்ளிச் சாத்திவிட்டு உள்ளே நின்று பார்ப்பாள். இடது சிறகில் இறகு குறைந்த ஒரு காக்கை வரும். அது தின்ற பிறகுதான் அவள் தட்டில் கை வைப்பாள். எனக்கு இதில் நம்பிக்கை உண்டா என்று கேட்காதீர்கள். சர்க்கரை மாத்திரை போடுகிறவள் வேளைக்குச் சாப்பிட வேண்டும், எனக்கு அது போதும்.

சாலை பஜார் கடையில் ஃபிலிம் வாங்கியபோது கடைக்காரன், “ஒட்டிக்கான் ஆளெ விடட்டே அண்ணாச்சி? நூற்றம்பது ரூபா மதி,” என்றான். ஒட்டுவதற்கு ஆள் வேண்டாம் என்றேன். இருந்ததில் விலை குறைந்ததைக் கேட்டதும், வெள்ளிபோல் மின்னும் ஒரு சுருளை எடுத்துப் போட்டான். “உள்ளிலிருந்நு நோக்கியால் எல்லாம் காணாம். புறத்துநிந்நு கண்ணாடி போலெ இரிக்கும்.” உள்ளேயிருந்து எல்லாம் தெரியும்; வெளியிலிருந்து பார்த்தால் முகம் பார்க்கும் கண்ணாடி. எனக்கு அது ஒரு லாபமாகவே தோன்றியது.

ஷாம்பு கலந்த தண்ணீரைத் தெளித்து, ஃபிலிமை வைத்து, ரப்பர் பட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளினேன். முதல் கண்ணாடியில் பதினேழு கொப்புளம், இரண்டாவதில் ஒன்பது. எதிர்வீட்டு விலாசினி டீச்சர் வாசலில் நின்று சிரித்தார். “மூணாம் நிலயிலு ஆரு வந்து எத்தி நோக்கான், அண்ணாச்சி?” எட்டிப் பார்க்க யார் வரப்போகிறார்கள் என்று கேலி. ஆனால் அறை குளிர்ந்தது. செல்லம்மா கண்ணைத் துடைக்காமல் என்னைப் பார்த்தாள்.

மறுநாள் மதியம் காக்கை வந்தது. சோற்றுக்குக் குனிந்தது, நிமிர்ந்தது. கண்ணாடியில் இன்னொரு காக்கை. கொத்தியது. அதுவும் கொத்தியது. பதினோரு முறை எண்ணினேன். பிறகு எண்ண முடியவில்லை. அலகில் இரத்தம் தெரிந்தது. செல்லம்மா உள்ளேயிருந்து கண்ணாடியைத் தட்டி, “வேண்டாம்யா, அது நீதாம்யா, நீதாம்!” என்று கத்தினாள். அது பறந்து போனது.

அன்று அவள் சாப்பிடவில்லை. மாலையில் ஒரு டம்ளர் கஞ்சி. அடுத்த நாள் காக்கை வரவில்லை. அவளுக்குக் கஞ்சி மட்டும்தான். “காக்காக்கும் கண்ணு கூசுதோ என்னவோ,” என்றாள்.

மூன்றாம் நாள் காலையில் நான் ஃபிலிமை உரித்தேன். ஒட்டியதைவிட உரிப்பது கஷ்டம். நாடா நாடாவாகக் கிழிந்தது. பசை போகவில்லை. மண்ணெண்ணெய் தொட்டு பிளேடால் சுரண்டியபோது ஒரு கண்ணாடியில் குறுக்கே விரிசல் விழுந்துவிட்டது. புதுக் கண்ணாடி மாட்டி ஜன்னல் பழையபடி ஆனது. காக்கை மட்டும் பழையபடி ஆகவில்லை. அன்றும் செல்லம்மாவுக்குக் கஞ்சிதான்.

விலாசினி டீச்சர் விஷயம் கேட்டு உள்ளே வந்தார். “சேச்சி, சும்மா வச்சால் வரூல. கை நனச்சு கொட்டி விளிக்கணம்.”

“கையத் தட்டவா? எங்க ஊர்ல கையத் தட்டுனா காக்கா பறந்துரும்லா டீச்சர்.”

“இவிடெ கொட்டியாலே வரூ.” இங்கே தட்டினால்தான் வருமாம்.

எனக்குத் திருவல்லம் பலிக்கடவு ஞாபகம் வந்தது. குமாரின் காரியத்தன்று என் தம்பி மகன் பிண்டம் வைத்து, கா கா என்று தொண்டை கட்டக் கூப்பிட்டான். ஒன்றும் வரவில்லை. பின்னால் ஈர வேட்டியோடு நின்ற குமாரின் சிநேகிதர்கள் நாலு பேர் திடீரென்று கை தட்டினார்கள். சாவில் கைதட்டுகிறார்களே என்று எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. “எதுக்குப்பா தட்டுதீங்க?” என்று அதட்டினேன். அதில் ஒருவன் அழுதுகொண்டே சொன்னான்: “அவனெ விளிக்கயா அங்கிளே.”

அவர்கள் கூப்பிட்டதில் தப்பில்லை. குமார் இங்கே பிறந்தவன். எங்களோடு தமிழில் பேசுவான். தனியே சில்லறை எண்ணும்போது ஒந்நு, ரண்டு, மூந்நு என்றுதான் எண்ணுவான். தூக்கத்தில் உளறியதும் மலையாளம்தான். சங்கரன்கோவிலுக்குக் கூட்டிப்போனால் மூன்றாம் நாள், “நம்ம ஊருக்கு எப்பம்பா போவோம்?” என்பான். அவன் கேட்டது இந்த ஊரை.

இதைச் செல்லம்மாவிடம் சொன்னேன். பிறகு சோறு வைத்துவிட்டு, சொம்புத் தண்ணீரில் இரண்டு கையையும் நனைத்து, விரட்டுகிறவள் போலவே பயந்து பயந்து தட்டினாள். என்னால் கை தட்ட முடியவில்லை. பக்கத்தில் நின்று, “கா, கா” என்று கூப்பிட்டேன். அப்படி ஐந்து நாள். ஆறாம் நாள் ஒரு காக்கை வந்து தின்றது. இடது சிறகை அவளும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. தட்டிய கைக்கு வந்ததா, கூப்பிட்ட குரலுக்கு வந்ததா, தெரியாது. செல்லம்மா உட்கார்ந்து சாப்பிட்டாள். மறுசோறு கேட்டாள்.

இப்போதும் அவள் கை தட்டுகிறாள், நான் கூப்பிடுகிறேன். மேற்கு வெயில் விழும் நேரத்தில் அவள் கண்ணில் நீர் வழிகிறது. ஃபிலிம் 260, ரப்பர் பட்டையும் பிளேடும் 35, ஷாம்பு 2, மண்ணெண்ணெய் 18, புதுக் கண்ணாடி கூலியோடு 420. ஆக மொத்தம் 735 ரூபாய்.