சவரிராயனின் நூறு கிலோ

"சுந்தரம் எங்க? சுந்தரத்தக் கூப்புடு."

வண்டிக்கு அடியில் குனிந்து பார்ப்பதற்கு முன்பே சவரிராயன் இதைச் சொல்லிவிடுவார். வந்திருப்பது செங்கல் லாரியானாலும் சரி, கல்யாண கோஷ்டியை அள்ளித் திணித்துக்கொண்டு பின்பக்கம் தரைதட்டி வந்த வாடகைக் காரானாலும் சரி, வண்டிக்காரன் தன் குறையைச் சொல்லி முடித்துவிட முடியாது. "நீ சொல்லாதபா. நீ ஓட்றவன், ஒனக்கு ஒண்ணும் தெரியாது. சுந்தரம் குந்திப் பாத்துச் சொல்லட்டும்" என்று வாயை அடைத்துவிடுவார்.

வில்லியனூரிலிருந்து பாகூர் போகிற சாலையோரம், தகரக் கூரை போட்ட கமான் பட்டறை அவருடையது. லாரிக்கும் ஜீப்புக்கும் அச்சின் மேல் வில்லாக வளைத்து அடுக்கியிருக்கிறார்களே இரும்புப் பட்டைகள், அதுதான் கமான். பாரத்தைச் சக்கரம் தாங்குகிறது என்று நம்மைப் போன்றவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சவரிராயனிடம் போய் அப்படிச் சொல்லிவிட்டால் அன்றைய வேலை கெட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். "கூட ஒரு பட்டை வெக்கறது வித்தை இல்ல, எந்தப் பயலும் வெப்பான். பாரம் இல்லன்னா வண்டி ஒதைக்கக் கூடாது, பாரம் ஏறினா குந்தக் கூடாது. அதுக்குத்தான் சவரிராயன் வேணும்" என்று ஆரம்பிப்பார். கேட்கிறவருக்குக் கால் கடுக்கும்.

அந்தப் பட்டைக் கட்டுக்கு மேலே அவர் தனியாகப் பொருத்தும் பட்டை ஒன்று உண்டு. மச்சான் பட்டை என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார். சாதாரண நாளில் சும்மா படுத்திருக்கும். பாரம் ஏறி வண்டி தாழ்ந்தால்தான் தோள் கொடுக்கும். அவர் மனைவி செலின் மேரியின் தம்பிகள் எந்தப் பாரத்துக்கும் தோள் கொடுத்ததில்லை. அந்த ஆத்திரத்தில் வைத்த பெயர் இது என்று ஊரில் ஒரு பேச்சு.

ஆள் ஒல்லி. உலை அனலில் வெந்து வெந்து வலது கண் எப்போதும் பாதி மூடியிருக்கும். அளவுகோல், டேப் எதுவும் பட்டறையில் கிடையாது. எல்லா அளவும் வலது ஆள்காட்டி விரல்தான். வண்டி அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவில் விரலைப் படுக்கவைத்து, விரற்கடைக் கணக்கில் இடைவெளி பார்ப்பார். அந்த விரலுக்கு ராஜ மரியாதை. சூடான டம்ளரை அது தொடாது. செலின் மேரி ஆசையாக மோதிரம் வாங்கித் தருகிறேன் என்றபோது, "அளவு கெட்டுப்பூடும்" என்று மறுத்துவிட்டார்.

விரல் பாதி அளவு. மீதிப் பாதிதான் மரியசுந்தரம்.

இருவரும் ஒரே பங்குக் கோயில் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். பெஞ்சு சுந்தரம் பக்கம் சாய்ந்தே இருக்குமாம். எழுபத்தொன்றில், பட்டறை போட்ட புதிதில், அரிசி மில்லில் பிரெஞ்சுக்காரர் காலத்துத் தராசில் சுந்தரம் விளையாட்டாக ஏறி நின்றபோது முள் நூறு கிலோவில் அசையாமல் நின்றது. கூடுதலும் இல்லை, குறைச்சலும் இல்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்த சவரிராயனுக்கு அன்று இரவு தூக்கமே வரவில்லையாம். மறுநாளிலிருந்து சுந்தரம் பட்டறையின் படிக்கல், அதாவது எடைக்கல், ஆனார். பட்டைகளை மாட்டியதும் வண்டியின் பின்பலகையில் சுந்தரம் குந்த வேண்டும். சவரிராயன் அடியில் படுத்து விரலை வைப்பார். ஜீப்பென்றால் ஒரு விரற்கடை இறங்க வேண்டும். அதற்கு மேல் இறங்கினால் ஒரு பட்டை சேர்ப்பார், இறங்காவிட்டால் ஒன்றை உருவுவார்.

"அதுக்கு ஒரு கல்ல வெச்சிப் பாத்தா ஆவாதா?" என்று ஒருவர் கேட்டுவிட்டார்.

"கல்லு வாயத் தொறந்து பேசுமா?" என்றார் சவரிராயன்.

சுந்தரம் பேசுவார். கண்ணை மூடிக்கொண்டு, வண்டியை இரண்டு ஆட்டு ஆட்டச் சொல்லி, "எடது பக்கம் லேசா குத்துது சவரி. முன் ஆணி தேஞ்சிருக்குது, பாரு" என்பார். கழற்றிப் பார்த்தால் தேய்ந்திருக்கும். உட்காருமிடத்தில் மாதா அவருக்கு அப்படி ஒரு ஞானத்தைக் கொடுத்திருக்கிறாள். கூலியாக ஒரு டீ, இரண்டு மசால்வடை.

கிலோ, மூட்டை என்ற பேச்செல்லாம் அந்தச் சாலையில் எடுபடாது. "டிரெய்லர்ல எத்தினி சுந்தரம் ஏத்துவ?" என்பார் சவரிராயன். "பதினஞ்சி சுந்தரம் வரும் மேஸ்திரி" என்பான் கரும்பு ஏற்றுகிறவன். ஊரில் ஒரு பெண்ணுக்கு வரன் வந்தபோது, "பையன் அரை சுந்தரம்கூட தேற மாட்டான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சுந்தரத்துக்கு இதில் உள்ளூரப் பெருமை. வேறு எதிலும் அவர் பெயர் அடிபட்டதில்லை.

இந்த வருஷம் பொங்கல் கழிந்ததும் சனி பிடித்தது.

முதலில் சிவப்பிரகாசத்தின் செங்கல் லாரி திரும்பி வந்தது, பின்பக்கம் குந்திக்கொண்டு. அடுத்த வாரம் ஒரு வாடகைக் கார். மூன்றாவதாக கில்பர்ட் தன் ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தினான். டிரெய்லர் பெட்டி மாட்டி, நெல்லிலிருந்து பந்தல் சாமான் வரை இழுக்கிறவன்.

"மேஸ்திரி, பெட்டிய மாட்டினா ஜீப்பு பின்னால குந்திக்குது, மூஞ்சத் தூக்கிக்குது. ஸ்டேரிங்கு கையிலயே நிக்கல. லைட்டப் போட்டா தென்னமரத்துல குலை தெரியுது, ரோடு தெரியல."

"பாரத்த முன்னால ஏத்தியிருப்ப. கொக்கி மேல வந்து அழுத்தியிருக்கும்."

"பின்னால தள்ளிப் பாத்தேன். பெட்டி வாலாட்டுது. ஏரிக்குள்ள பூடுவேனோன்னு பயந்துட்டேன்."

"ரொம்பப் பின்னாலயும் தள்ளக் கூடாதுபா. அச்சுக்கு ஒரு முழம் முன்னால நிக்கணும்."

"அத்தயும் பாத்துட்டேன் மேஸ்திரி. அப்பவும் குந்துது."

சவரிராயனுக்கு முகம் செத்துவிட்டது. எண்ணெயைத் திட்டினார், பட்டையைப் பழுக்கக் காய்ச்சி முக்குகிற எண்ணெயைக் கொட்டிவிட்டுப் புதிது ஊற்றினார். கரியைத் திட்டினார். இரும்பு விற்றவனின் பரம்பரையை ஒருவர் விடாமல் திட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. சுந்தரம் குந்தினால் வண்டி அரை விரற்கடைதான் இறங்கியது, பட்டை அதிகம் என்று அளவு சொன்னது. சரியென்று ஒன்றை உருவினால், பாரம் ஏறியதும் வண்டி தரையோடு தரை. கடைசியில் தன் விரல் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. ஒரு காலையில் செலின் மேரியை உட்காரவைத்து, அவள் விரலோடு தன் விரலை ஒட்டிவைத்துப் பார்த்தார்.

"பருத்திருக்குதா?"

"இன்னாத்துக்குப் பருக்கும்? ஒங்க புத்திதான் எளச்சிருக்குது" என்றாள் அவள்.

போதாக்குறைக்குப் பட்டறையில் நட்டு, போல்ட்டு காணாமல் போய்க்கொண்டிருந்தது. பழைய இரும்பு வாங்க வருகிறவனை உள்ளே விடக் கூடாது என்று கட்டளை போட்டார். பட்டறை நாய்க்கு ஆக்சில் என்று பெயர். அது மட்டும் ஏனோ தளதளவென்று பெருத்து, படுத்தால் எழுந்திருக்க யோசித்தது. இதையெல்லாம் சேர்த்துப் பார்க்க சவரிராயனுக்குத் தோன்றவில்லை. படிக்கல்லை யாராவது சந்தேகப்படுவார்களா?

பங்குனியில் கில்பர்ட் வந்து கடைசி வார்த்தை சொல்லிவிட்டான். அவன் ஊர்க் கோயிலுக்குப் புது மணி வருகிறது. கடலூரிலிருந்து அவன் டிரெய்லரில்தான் வருகிறது. அஞ்சு சுந்தரம்.

"ஞாயித்துக்கெழம பேண்டு வாத்தியத்தோட கொண்டாறோம் மேஸ்திரி. வழி நெடுக ஜனம் நிக்கும். அன்னிக்கி வண்டி குந்திச்சின்னா, திங்கக்கெழம நான் விழுப்புரம் பட்டறைக்குப் போயிடுவேன். தப்பா நெனைக்காதீங்க. நான் போனா மத்தவங்களும் பின்னாலயே வந்துடுவாங்க."

சவரிராயன் தகரக் கூரையை அண்ணாந்து பார்த்தார். இருபத்திரண்டு வருஷத்துப் பட்டறை. வேறு தொழில் எதுவும் தெரியாது.

சனிக்கிழமை காலை கடைசிப் பரிசோதனை. "குந்துடா" என்றார். மரியசுந்தரம் ஜீப்பின் பின்பலகையில் மெதுவாகக் குந்தினார். சவரிராயன் அடியில் மல்லாந்து படுத்து விரலை நீட்டினார். முக்கால் விரற்கடை. மறுபடி பார்த்தும் அதே முக்கால் விரற்கடை. மாதாவே, இன்னும் ஒரு பட்டையை உருவினால் நாளைக்கு மணி ரோட்டில்தான் உருளும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, பலகை இடுக்கு வழியாக அவர் மூக்கின் மேல் ஒரு நட்டு விழுந்தது. என்னவென்று பார்ப்பதற்குள் இன்னொன்று நெற்றியில். அடுத்தது ஒரு முழு போல்ட்டு. நல்லவேளை, காதோரமாகப் போயிற்று.

ஜீப்பில் எந்த நட்டும் கழன்றிருக்கவில்லை. வெளியே வந்து பார்த்தார். சுந்தரம் இரண்டு கையாலும் மடியை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். வேட்டி முடிச்சு அவிழ்ந்து, அதற்குள்ளிருந்து சவரிராயனின் இரண்டு மாத நட்டு போல்ட்டெல்லாம் பலகை மேல் கலகலவென்று கொட்டியது.

"இன்னாடா இது?"

சுந்தரம் தலையைத் தூக்கவில்லை. "சக்கர வியாதின்னுட்டாங்க சவரி, ஆசுபத்திரில. சோத்தக் கொறைக்கணும், வடையெல்லாம் தொடவே கூடாதுன்னு சொல்லிட்டாங்க."

"ரெண்டு மாசமா வடை வாங்கிக் குடுத்தேனே?"

இருவரும் ஆக்சிலைப் பார்த்தார்கள். அது வாலை மட்டும் அசைத்தது.

"எளச்சிக்கினே போறேன். அதான் கையில கெடைச்சத மடில கட்டிக்கினு குந்தினேன். ஈடு ஆயிடும்னு நெனச்சேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னாடா?"

"சொன்னா வேற ஆளப் பாப்பியே" என்றார் சுந்தரம். "நூறு கிலோ இல்லன்னா என்னை எவன் கூப்புடுவான்? எனக்கு வேற இன்னா தெரியும், குந்தறத வுட்டா?"

சவரிராயனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, அழுகையும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் நாயைத் திட்டினார். பிறகு சுந்தரத்தின் கையைப் பிடித்து விறுவிறுவென்று அரிசி மில்லுக்கு இழுத்துக்கொண்டு போனார். தராசு எண்பத்தொன்று காட்டியது.

"பத்தொம்பது கிலோ எங்கடா போச்சி?" என்று மில்லிலேயே கத்தினார். உமி அள்ளிக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அதே தராசில், உடைந்த பழைய பட்டைகளைப் போட்டும் எடுத்தும் பத்தொன்பது கிலோவைச் சரியாக நிறுத்தார். கம்பியால் இறுக்கிக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார். அந்த ஒல்லி உடம்பு அதைத் தூக்கி வந்ததே பெரிய விஷயம். சுந்தரத்தின் மடியில் அதை வைத்து, அடியில் படுத்தார். ஒரு விரற்கடையையும் தாண்டி இறங்கியது. பட்டை போதவில்லை. உருவிய பட்டை திரும்பக் கட்டுக்குள் ஏறியது. மச்சான் பட்டையையும் எடுத்து அராவி மாட்டினார். மறுபடி குந்தச் சொன்னபோது ஒரு விரற்கடை. அதற்கு மேல் ஒரு நூல்கூட இறங்கவில்லை.

"இப்ப எப்பிடிடா இருக்குது?"

சுந்தரம் கண்ணை மூடினார். "பஞ்சாட்டம் இருக்குது சவரி. வலது பக்கத்து ஆணிக்கு மட்டும் கொஞ்சம் கிரீஸ் வை."

ஞாயிற்றுக்கிழமை பாகூர் சாலையில் மணிக்குப் பூப்போட ஜனம் நின்றது. ஒரு மதகு ஓரத்தில் சவரிராயன் மட்டும் தவளை மாதிரி குந்தியிருந்தார். மணியை அவர் பார்க்கவே இல்லை. ஜீப்பின் பின் அச்சையே பார்த்தார். வண்டி நேராக வந்தது. மூஞ்சியைத் தூக்கவில்லை, பெட்டி வாலாட்டவில்லை. கில்பர்ட் நிறுத்தியதும் ஓடிப்போய், பங்குச் சாமியார் மணியை மந்திரித்துக்கொண்டிருக்கும்போதே அடியில் கையை விட்டார். அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவில் இன்னும் இரண்டு விரற்கடை மிச்சம் இருந்தது. லைட்டும் ரோட்டில்தான் விழுகிறது என்று நிரூபிக்க, கில்பர்ட் பட்டப்பகலில் அதைப் போட்டுக் காட்டினான். வெயிலில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. எல்லாரும் தெரிகிறது என்றார்கள்.

விழுப்புரத்துக்கு யாரும் போகவில்லை. லாரியும் காரும் மறுபடி வந்து பட்டை மாட்டிக்கொண்டு போயின. இப்போது வடைக்குப் பதில் வெள்ளரிக்காய் வருகிறது. ஆக்சிலுக்கு அது பிடிக்கவில்லை. சாலையில் ஒரு சுந்தரம் என்றால் இன்றைக்கும் நூறு கிலோதான்.

மாதம் ஒருமுறை இருவரும் மில்லுக்குப் போகிறார்கள். போன வாரம் முள் எழுபத்தெட்டில் நின்றது. சுந்தரம் பயந்துபோய் நண்பரின் முகத்தைப் பார்த்தார். சவரிராயன் பட்டறைக்கு வந்து, குப்பையில் கிடந்த ஒரு துண்டு அச்சை எடுத்து, மூன்று கிலோ இருக்கும்படி அறுத்து, பழைய கட்டோடு சேர்த்துக் கம்பியைச் சுற்றினார். வாசலில் ஒரு லாரி காத்திருந்தது. சுந்தரம் அதன் மேல் ஏறிக் குந்தினார். சவரிராயன் தன் தோள் துண்டை எடுத்து, அந்த இரும்பில் இருந்த கிரீஸை, சுந்தரத்தின் வெள்ளை வேட்டியில் ஒட்டாதபடி நாலு பக்கமும் துடைத்து, மடியில் மெதுவாக இறக்கி வைத்தார். பிறகு லாரிக்கு அடியில் நுழைந்து, மல்லாந்து படுத்து, விரலை நீட்டிக்கொண்டு கேட்டார்:

"ம். சொல்லுடா."