இலை மடிக்காத விருந்தாளிகள்

தொண்ணூறுகளில் பல்கேரிய நாட்டியக் குழு ஒன்று கோவைக்கு வந்தது. இரு நாட்டு நட்பை வளர்க்க மாலையில் ஆட்டம். மதியம் துடியலூர்க் கல்யாண மண்டபத்தில் விருந்து. மொழிபெயர்க்க என்னை அழைத்திருந்தார்கள். ஆனால் அன்று எல்லோரையும் ஆட்டிவைத்தவர் பந்தி பரிமாறியவர்தான்.

ஒல்லியான ஆள். தோளில் துண்டு, கையில் வாளி. சாப்பிடுகிறவர் இலையை மடிக்கும்வரை பரிமாறிக்கொண்டே இருப்பார். விருந்தாளிகளுக்கோ இலையை மடிக்க வேண்டும் என்றே தெரியாது. வைத்ததை மிச்சம் வைப்பது மரியாதை இல்லை என்றும் நினைத்தார்கள். அவர் வைக்க வைக்கத் தின்றார்கள். நெய் வழியும் இனிப்புப் போளியான ஒப்பிட்டு நான்காவதாக இலையில் விழுந்ததும் குழுத்தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஏனுங்க, போதும்ங்கறாருங்க" என்றேன்.

"வாயி அப்படித்தானுங்க சொல்லும். எலை மடிக்கலீங்களே" என்றார்.

வேறு வழியில்லாமல் தலைவரின் இலையை நானே மடித்துக் காட்டினேன். மற்றவர்கள் அவசர அவசரமாக மடித்தார்கள்.

மாலையில் குதிக்க வேண்டிய இடத்திலெல்லாம் நடந்தார்கள். அந்த ஊர் ஆட்டமே அப்படித்தான் போல என்று கூட்டம் கைதட்டி, இன்னொரு ஆட்டம் கேட்டு விடாமல் நச்சரித்தது. தலைவர் மூச்சு வாங்க மேடை விளிம்புக்கு வந்தார். காற்றிலேயே, இல்லாத இலை ஒன்றை மெதுவாகத் தன் பக்கம் மடித்தார்.

அரங்கமே சிரித்தபடி எழுந்தது. கடைசி வரிசையில் என் பக்கத்தில் நின்ற, பந்தி பரிமாறியவர் மட்டும் சிரிக்கவில்லை.

"இப்பத்தானுங்க மனசாரச் சொல்றாரு" என்றார்.

பெயராவது கேட்கலாம் என்று திரும்பினேன். அதற்குள் அவர் குழுவின் ராத்திரிப் பந்திக்கு இலை போடப் போயிருந்தார்.